நான்கு பத்துக்கு வரும் வண்டி

கதவில் பெயர்ப்பலகை இல்லை.
அழைப்புமணிக்கு மேல் ஒரு கேமரா மட்டும்.
அதன் கண்ணில் பனி அப்பியிருந்ததால்
மூவரையும் முதலில்
ஒரே உருவமாகத்தான் பார்த்தேன்.

ஹெர்தீஸுக்கு ஒரு காலில் பூட்ஸ்,
மற்றதில் குளியலறைச் செருப்பு.
மகன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.
எட்டு வயது ப்ரின்யாதான் பேசினாள்:
"அப்பாவுக்கு இந்த இடம் தெரியாது.
அம்மாவின் போனை அணைத்துவிட்டேன்.
சிம்மை எடுத்துக் கடலில் போட்டேன்."
எட்டு வயதுக்கு
இத்தனை வினைச்சொற்கள்.

படிவம் பதினோரு பக்கம்.
தேவைப்படும் உதவி என்ற இடத்தில்
கட்டங்கள் உண்டு: வழக்கறிஞர், மருத்துவர்,
குழந்தைகளுக்கான உளவியலாளர், பள்ளி மாற்றம்.
பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்த ஹெர்தீஸ்
"ஒரு சட்டி கிடைக்குமா,
காலையில் ஓட்ஸ் கஞ்சி வைக்கணும்" என்றாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்: சட்டி.

அன்றிரவு நான்கு பத்துக்கு
பனி தள்ளும் வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது.
ஐஸ்லாந்தின் வடகரையில்
குளிர்காலத்துக்கு அது மூச்சு மாதிரி,
யார் காதிலும் விழாது.
ப்ரின்யா மாடிப்படியில் நின்றாள்,
இடுப்பில் தம்பி,
பல்லில் கடித்தபடி அவன் சப்பாத்து.
"டீசல்" என்றாள், சப்பாத்தை எடுத்துவிட்டு.
"கியர் மாற்றினால் இருமுகிற டீசல்."

சரளைக்கல்லில் டயர் மெதுவாகத் திரும்பினால் ஒன்று,
வேகமாகத் திரும்பினால் வேறு.
சாவி மேசைமேல் விழும் சத்தத்திலிருந்து
அந்த இரவு எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடுவாளாம்.
படகுக்காரர்கள் வானிலை அறிக்கை கேட்பதுபோலக்
கேட்டுக் கேட்டு வளர்ந்த காது.

பயிற்சியில் எனக்குக் கொடுத்த வாக்கியங்கள் உண்டு.
இங்கே உனக்கு ஆபத்தில்லை என்பது அதில் முதலாவது.
சொன்னேன்.
மரியாதைக்குத் தலையாட்டினாள்.

மறுநாள் நகராட்சிக் கொட்டகைக்குப் போன் செய்து
வண்டியின் நேரம் கேட்டேன்.
காரணம் சொல்லவில்லை, சொல்லக்கூடாது.
தூக்கம் கெட்ட கிழவி என்று நினைத்திருப்பார்கள்.
துறைமுகம் மூன்று நாற்பது,
தேவாலயச் சரிவு மூன்று ஐம்பத்தைந்து,
எங்கள் தெரு நான்கு பத்து.
தாளில் எழுதி அவள் கட்டிலருகே ஒட்டினேன்.

அடுத்த இரவு மூன்றே முக்காலுக்கே
ஜன்னலில் உட்கார்ந்துவிட்டாள்.
மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று வந்தது.
"ஒரு நிமிஷம் முந்திட்டான்" என்றாள்
மேற்பார்வையாளர் மாதிரி.

ஆறாம் நாள் ஹெர்தீஸ்
கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.
திரும்பிப் போகிறாளாம்.
ஸ்தைனார் அழுதானாம், தங்கையிடம் சொல்லியனுப்பினானாம்.
இந்தக் கதவை உள்ளிருந்து எப்போதும் திறக்கலாம்,
அதையும் சொன்னேன்.
காபி போட்டேன்.
பாதி குடித்தாள். கோட்டைக் கழற்றவில்லை.
டிசம்பரில் எங்களுக்கு விடிவது பதினோரு மணிக்கு.
அதுவரை கோட்டோடே இருந்தாள்,
பிறகு பையனுக்குப் பசித்தது.

நேரத்தாளின் அடியில் ப்ரின்யா தன் பெயரை எழுதியிருந்தாள்.
பின்னால் வரவேண்டிய தகப்பன் பெயர்
எழுதி அழித்து, எழுதி அழித்து
தாள் அங்கே மெலிந்துபோயிருக்கிறது.
தாயின் பெயரும் போடலாம், சட்டம் இடம் தருகிறது
என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
இன்னும் போடவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

பதினோராம் இரவு.
வண்டி வந்தது, இருமியது.
படிக்கட்டைப் பார்த்தபடி இருந்தேன்.
மேலே போய்க் கதவில் காது வைத்தேன்.
மூன்று மூச்சு,
ஒன்றில் சளி.

இரவுப் பதிவேட்டில் எழுதினேன்:
நான்கு பன்னிரண்டு. இரண்டு நிமிடம் தாமதம்.
காலையில் கேட்பாள்.